கதவும் கணக்கும்: நிர்வாகிப் பக்கத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

எந்தவொரு இணையத்தளத்துக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று நாம் வாசிக்கிற முகம். மற்றது, வாசிக்கக் கிடைக்கும் அந்தப் பிரதியை எழுதவும் திருத்தவும் நீக்கவும் வசதியுள்ள முகம். இரண்டாவதை ‘நிர்வாகிப் பக்கம்’ என்கிறார்கள். அங்கே நுழைய ஒரு பெயரும் ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். தளம் அமைத்துத் தருகிறவரைக் கேட்டால், ‘அதெல்லாம் பத்து நிமிஷ வேலை சார், ரெண்டு ஃபைல் போட்டாப் போதும்’ என்பார். உண்மைதான். ஆனால் அந்த இரண்டு கோப்புகளுக்குப் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை வெறும் தொழில்நுட்ப வரலாறு என்று ஒதுக்கிவிட முடியாது. யார் எழுதலாம், யார் வாசிக்க மட்டும் செய்யலாம் என்பதைத் தீர்மானித்துவந்த அதிகாரத்தின் வரலாறும் அதுதான்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிரதி, வாசகன், ஆசிரியன் என்று சிற்றிதழ்களில் நாம் பேசாத பேச்சில்லை. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று அறிவித்து, பதினாறாம் நாள் காரியமும் செய்தாயிற்று. ஆனால் பிரதிக்குப் பின்னால் பூட்டிய அறை ஒன்றில் ஆசிரியனைவிட வலுவான ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நாம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அந்த அறை எப்படி வந்தது என்று பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம்.

2

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு அமைப்பை முதன்முதலாக இயக்கிக் காட்டினார்கள். அதுவரை கணிப்பொறியிடம் வேலை வாங்குவதென்றால், துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். நேரப்பகிர்வில் ஒரே இயந்திரம் பலருடைய வேலைகளைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றிச் செய்கிறது. ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தனக்கே சொந்தம் என்கிற மயக்கம் உண்டாகிறது. சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இயந்திரம் பொது, கோப்புகள் தனி. எதிர்முனையில் தட்டச்சு செய்வது யார் என்று இயந்திரத்துக்குத் தெரிந்தாக வேண்டும். ஆளுக்கொரு கடவுச்சொல் என்ற ஏற்பாடு இப்படித்தான் வந்தது.

அன்று கணிப்பொறி நேரம் அரிதான பண்டம். ஆகவே ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று அளந்து கொடுத்தார்கள். இன்று ‘கணக்கு தொடங்குங்கள்’ என்று தமிழில் சொல்கிறோமே, அந்தச் சொல் இவ்விடத்தில் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. யார் எவ்வளவு செலவழித்தார் என்கிற கணக்கு அது. கடவுச்சொல்லை இரகசியத்தின் சாவியாக மட்டுமே நாம் புரிந்துவைத்திருக்கிறோம். பிறந்தபோது அது ரேஷன் அட்டையாகவும் இருந்தது.

3

ரேஷன் என்று வந்துவிட்டால் கூடுதலாக வாங்க வழி தேடுகிறவரும் வருவார். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்புகளைக் காகிதத்தில் அச்சிட்டுத் தரும்படி துளையட்டை மூலம் கோரும் வசதி அப்போது இருந்தது. எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பின் பெயரை அட்டையில் குறித்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவர் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் பட்டியல் அச்சாகித் தயாராக இருந்தது. மற்றவர்களுடைய பெயரில் நுழைந்து தன் ஆய்வை முடித்துக்கொண்டார். இதை அவரே 2011இல், சி.டி.எஸ்.எஸ்.ஸின் ஐம்பதாண்டு நினைவு மலரில் விவரித்திருக்கிறார்.

1966இல் நடந்தது இன்னும் வேடிக்கை. உள்ளே நுழைகிற எல்லோருக்கும் அன்றைய அறிவிப்பு ஒன்றைக் காட்டுவது அமைப்பின் வழக்கம். ஒரு நிர்வாகி அந்த அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொரு நிர்வாகி கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் நிரல், ஓர் இடத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற அனுமானத்தில் தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரை வைத்திருந்தது. இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன் பிறகு நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக அத்தனை பேருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவிக்கொத்தை மாட்டிவைத்திருந்த அறைதான் ஒழுகியது. இரண்டாவது நிகழ்ச்சியில் அதை ஒழுகவைத்தவர்கள் நிர்வாகிகளே. வெளியாரைத் தடுக்கக் கட்டிய சுவர், உள்ளே இருப்பவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

4

இதற்கு மாற்று கேம்பிரிட்ஜில் கிடைத்தது. கடவுச்சொல்லை அப்படியே வைத்திருக்காமல், திரும்ப விடுவிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பது என்னும் யோசனை ரோஜர் நீதமுடையது. மாரிஸ் வில்க்ஸ் 1968இல் வெளியிட்ட நேரப்பகிர்வு பற்றிய நூல் அதைப் பதிவுசெய்தது. உள்ளே வருகிறவர் சொல்லும் சொல்லை அதே முறையில் உருமாற்றிப் பார்ப்பது. இரண்டும் ஒன்றாக இருந்தால் கதவைத் திறப்பது. இதன்படி காவலாளிக்கே சாவி தெரியாது. கடவுச்சொல்லின் வரலாற்றில் ஜனநாயகத்தன்மை கொண்ட யோசனை ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்வேன்.

யூனிக்ஸ் இதை மேற்கொண்டது. 1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831 எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவை. அதாவது 86 சதவீதம். ஓரெழுத்தே கடவுச்சொல்லாக இருந்தவை 15. மனிதர்கள் தங்களுக்குப் பழகிய சொல்லைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 1988 நவம்பரில் அதே மாரிஸின் மகன் எழுதிவிட்ட நிரல் ஒன்று, மற்ற வழிகளோடு இப்படிப்பட்ட சொற்களை ஊகித்தும், வலைப்பின்னலில் கணிப்பொறி கணிப்பொறியாகத் தாவியது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. யூனிக்ஸில் ‘ரூட்’ என்றொரு பயனர் உண்டு. ‘வேர்’ என்று பொருள். வேருக்கு எந்தக் கோப்பையும் திறக்க அனுமதி வேண்டியதில்லை. சாவியை நிர்வாகியின் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள், சரி. சாவியே தேவைப்படாத ஓர் இருப்பை அவருக்குக் கொடுத்துவிட்டார்களே!

இதை எதிர்த்த குரலும் எம்.ஐ.டி.யிலிருந்தே வந்தது. அங்கிருந்த செயற்கை அறிவு ஆய்வகத்தின் இயந்திரத்தில் கடவுச்சொல் கிடையாது. 1970களின் பிற்பகுதியில் வேறொரு ஆய்வகத்தின் இயந்திரத்தில் அது புகுத்தப்பட்டபோது, ரிச்சர்ட் ஸ்டால்மன் அவற்றை விடுவித்து, ‘உங்கள் கடவுச்சொல் இதுதானே? பேசாமல் வெறுமனே விட்டுவிடுங்களேன்’ என்ற பொருளில் ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பினார். ஐந்தில் ஒரு பங்கினர் அப்படியே செய்தார்கள். கடவுச்சொல் என்பது நிர்வாகி பயனர்கள்மேல் செலுத்தும் ஆதிக்கம் என்பது அவருடைய நிலைப்பாடு. மீதி நான்கு பங்கினரின் மௌனமும் வரலாற்றில் சேர்த்திதான்.

5

இனி வலைக்கு வருவோம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1990இன் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவி, பக்கங்களைக் காட்டுவதோடு திருத்தவும் செய்யும். வாசிப்பதும் எழுதுவதும் ஒரே சன்னலில் நடக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. ஆனால் அது நெக்ஸ்ட் என்ற அபூர்வமான கணிப்பொறியில் மட்டுமே ஓடியது. எல்லா இயந்திரங்களுக்குமாக 1991இல் வந்த எளிய உலாவியால் வாசிக்க மட்டுமே முடிந்தது. 1993இல் இலினாயிலிருந்து வந்த மொசைக், படங்களோடு பக்கத்தைக் காட்டி உலகத்தை மயக்கியது. அதிலும் எழுத இடமில்லை. வாசகன் பெருகப் பெருக எழுதுகிறவன் தனியறைக்குப் போனான். அந்த அறைக்குக் கதவு வைக்க, முப்பது ஆண்டுகளுக்கு முன் நேரத்தை அளக்கப் பிறந்த கடவுச்சொல்லைத் தேடி எடுத்து மாட்டினார்கள்.

வேலை நடப்பது இப்படி. பூட்டவேண்டிய அடைவில் ‘.ஹெச்டிஆக்செஸ்’ என்றொரு கோப்பு. யாருக்கு அனுமதி என்பது அதில் இருக்கும். பெயர்களும் உருமாற்றிய கடவுச்சொற்களும் ‘.ஹெச்டிபாஸ்வேர்ட்’ என்ற வகையில் இன்னொரு கோப்பில். இரண்டின் பெயரும் புள்ளியில் தொடங்குகின்றன. அப்படித் தொடங்கும் கோப்புகளை யூனிக்ஸ் சாதாரணப் பட்டியலில் காட்டாது. தமிழில் புள்ளி வைத்தால் எழுத்தின் உயிரொலி போகும். அங்கே கோப்பின் உருவமே மறைகிறது. உலாவி அந்தப் பக்கத்தைக் கேட்டால் சர்வர் 401 என்ற எண்ணைத் திருப்பியனுப்பும். அந்த எண்ணுக்கு வைத்திருக்கும் பெயர் ‘அதிகாரம் இல்லை’ என்று பொருள்படும். உண்மையில் அது கேட்பதோ ‘நீ யார்?’ என்பதைத்தான். யாரென்று தெரிந்தும் உள்ளே விடாமலிருப்பதற்கு 403 என்று வேறொரு எண் இருக்கிறது. அடையாளத்தையும் அதிகாரத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது ஒரு தற்செயல் பிழையா, அல்லது இந்தச் சொல்லாடலின் இயல்பா? பூட்டிய பகுதியைக் குறிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல்லின் பொருளும் ‘இராஜ்யம்’ என்பது இங்கே சேர்த்து எண்ணத்தக்கது.

1996 மே மாதம் வெளியான ஹெச்.டி.டி.பி. ஆவணம் இதற்கு ஓர் உதாரணம் தருகிறது. பயனர் பெயர் அலாவுதீன். கடவுச்சொல் ‘திறந்திடு சீசேம்’. நம்மூர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும், குகைவாசலில் அதைச் சொன்னவன் அலிபாபா என்று. இரண்டு கதைகள் கலந்துவிட்டன. இரண்டுமே ‘ஆயிரத்தொரு இரவுக’ளின் பழைய அரபு ஏட்டில் இல்லாதவை, அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் 1709இல் பாரிஸில் சொல்லக் கேட்டு, அந்துவான் கலான் தம் பிரெஞ்சுப் பெயர்ப்பில் சேர்த்தவை. கதைசொன்னவரின் பெயர் அந்த நூலில் இல்லை. கதையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. காசிம் உள்ளே போய்விட்டான், வெளியே வரச் சொல் மறந்துபோயிற்று, செத்தான். தொழில்நுட்பர்கள் உள்ளே நுழைவதற்கு மட்டும் சொல் கேட்டார்கள். வெளியே வரும்போது, ‘உள்ளே என்ன செய்தாய்?’ என்று கேட்க ஏற்பாடு எதுவும் வைக்கவில்லை.

கதவும் அப்படியொன்றும் உறுதியானதல்ல. பெயரையும் சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியால் இணைத்து, எவரும் திருப்பி வாசிக்கக்கூடிய வேறு எழுத்துருவில் அனுப்புவதுதான் இந்த ‘அடிப்படை’ முறை. இது பாதுகாப்பானதல்ல என்று அந்த ஆவணமே சொல்கிறது. முழு உரையாடலையும் மறைகுறியாக்கினால்தான் காப்பு. பின்னாளில் 2003இல் வந்த வேர்ட்பிரஸ் போன்ற நிரல்கள் நிர்வாகி அறையைத் தயாராகக் கட்டியே கொடுத்தன. 2010 வரை அதில் நிர்வாகியின் பெயர் தானாகவே ‘அட்மின்’ என்றுதான் அமையும். 2013 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை ஏவி, அந்தப் பெயரோடு கடவுச்சொற்களை ஊகித்துப் பார்த்த பெருந்தாக்குதல் நடந்தது. ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே இடத்தில் கதவு, ஒரே பெயரில் காவலாளி என்றால் திருடனுக்கு என்ன கஷ்டம்?

6

பூட்டே வேண்டாம் என்பதல்ல என் வாதம். பூட்டில்லாத பக்கம் ஒரே இரவில் குப்பையாகும். எழுதியவருடைய உழைப்பு போகும். என் கேள்வி வேறு. பூட்டை வலுவாக்குவது பற்றி அறுபதாண்டுகளாகப் பேசியவர்கள், உள்ளே இருப்பவர் கணக்கு ஒப்புவிப்பது பற்றி எவ்வளவு பேசினார்கள்?

பதிப்பியல் படித்தவர்களுக்குப் பாடபேதம் என்றால் என்னவென்று தெரியும். ஏட்டுக்கு ஏடு சொல் மாறினால் பதிப்பாசிரியர் அதைக் கீழே குறிப்பார். எந்தப் பாடத்தைக் கொண்டார், எதைத் தள்ளினார் என்பது வாசகனுக்குத் தெரியும். நிர்வாகிப் பக்கம் பாடபேதத்தை ஒழித்துவிட்டது. நேற்று இருந்த வரி இன்று இல்லை. இருந்ததற்கான தடயமும் இல்லை. அச்சில் திருத்தம் போட்டால் பழைய பிரதி யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். இங்கே பரணும் நிர்வாகியுடையது.

மாற்று இல்லாமல் இல்லை. 1995 மார்ச்சில் வார்ட் கன்னிங்ஹாம் தொடங்கிய முதல் விக்கியில் எவரும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம். பெர்னர்ஸ்-லீயின் கனவு இன்னொரு வாசல் வழியாக வந்தது. 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவில், 2003இல் வந்த தமிழ் விக்கிப்பீடியா உட்பட, நிர்வாகிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கடவுச்சொல் உண்டு. பக்கங்களை நீக்கவும் ஆட்களைத் தடைசெய்யவும் அதிகாரம் உண்டு. ஆனால் எந்த நிர்வாகி எப்போது எதை நீக்கினார், யாரைத் தடுத்தார் என்ற பதிவேடு பொதுவில் கிடக்கிறது. அதுவும் முழுமையானதல்ல: நீக்கப்பட்ட பக்கத்தின் உள்ளடக்கத்தை நிர்வாகிகள் மட்டுமே பார்க்க முடியும். இருந்தாலும், நீக்கப்பட்டது என்ற செய்தியாவது நமக்குக் கிடைக்கிறது.

கோர்பட்டோ 2014இல் ஒரு பேட்டியில், வலை வந்த பிறகு கடவுச்சொல் ஒரு கொடுங்கனவாகிவிட்டது என்ற பொருளில் சொன்னார். நினைவில் வைக்க முடியாத நூற்றுக்கணக்கான சொற்களை நினைத்து அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். எனக்கோ, கணக்கு ஒரு பக்கமாகவே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் உறுத்துகிறது. வாரத்துக்கு 4 மணி நேரம் என்று பயனருக்குப் போட்ட கணக்கு இன்னும் நிற்கவில்லை. எதைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று அது நீண்டுகொண்டே போகிறது. ஆகவே, தளம் அமைக்கிற நண்பர்கள் அந்த இரண்டு கோப்புகளைப் போடும்போது மூன்றாவதாக ஒன்றையும் போடட்டும்: உள்ளே செய்த திருத்தங்களின் பட்டியல், வெளியே இருப்பவர் வாசிக்கும்படியாக. அதுவும் பத்து நிமிஷ வேலைதான்.