'பெரேஷீத்': ஒரு முதற்சொல்லின் வரலாறு

எபிரேய மறைநூல் 'பெரேஷீத்' என்னும் சொல்லோடு தொடங்குகிறது. அந்நூலின் முதற்பகுதிக்கு அச்சொல்லே பெயராகவும் நிற்கிறது. தொடக்கச் சொல்லை நூற்பெயராக்குவது பண்டை மேற்காசியாவில் அறியப்பட்ட வழக்கம். பாபிலோனியரின் படைப்புக் காவியமான 'எனூமா எலிஷ்' என்பதும் தன் முதற்சொற்களாலேயே பெயர் பெற்றது. கிரேக்கர் அப்பகுதிக்குத் தோற்றம் எனப் பொருள்படும் 'கெனெசிஸ்' என்று பெயரிட்டனர். தமிழில் அது ஆதியாகமம் என்றும் தொடக்க நூல் என்றும் வழங்குகிறது. இச்சொல்லின் பொருளையும் ஆட்சியையும், அதன் இலக்கணம் எழுப்பிய நெடுங்கால வினாவையும் இவ்வுரையில் நாம் காண்போம்.

தலையும் தொடக்கமும்

பெரேஷீத் என்பது ஈருறுப்புச் சொல். 'பெ' என்னும் முன்னொட்டு நம் 'இல்' உருபின் பொருளைத் தருவது. 'ரேஷீத்' பெயர்ச்சொல், தலையைக் குறிக்கும் 'ரோஷ்' என்பதோடு ஒரே வேரினது. யூதர்தம் புத்தாண்டாகிய 'ரோஷ் ஹஷானா' என்பதற்கும் 'ஆண்டின் தலை' என்பதே பொருள். உடலின் உச்சியைக் குறித்த சொல் காலத்தின் முதலையும் குறிப்பது நமக்குப் புதிதன்று. தலைநாள், தலைச்சன், தலைவன் ஆகிய சொற்களில் காலம், பிறப்பு, சிறப்பு ஆகிய மூன்றுக்கும் தலையே அடியாகிறது.

ரேஷீத் என்னும் சொல்லும் இவ்வாறே பல பொருள்களில் ஆளப்படுகிறது. விளைச்சலின் முதற்பலனைக் கோயிலுக்குச் செலுத்த வேண்டும் என விதிக்கும் சட்டப் பகுதிகளில் அது முதற்கனியைக் குறிக்கிறது. யாக்கோபு தம் தலைமகன் ரூபனை வாழ்த்துமிடத்தில் தந்தையின் வலிமைக்கு முதற்பேறு என்னும் பொருளில் வருகிறது. ஆமோசு இறைவாக்கினர் செல்வரைக் கண்டிக்கையில், அவர்கள் பூசிக்கொள்ளும் உயர்ந்த எண்ணெயை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். எரேமியாவின் நூலில் அரசர் ஆட்சியேற்ற தொடக்கக் காலம் இதனாற் குறிக்கப்படுகிறது. நீதிமொழிகள் நூல் இறையச்சத்தை அறிவின் ரேஷீத் என்கிறது. அங்கே அச்சொல் முதற்படியையா, தலையாய கூற்றையா குறிக்கிறது என்பது இன்றும் ஆராயப்படும் வினா. எனவே 'தொடக்கம்' என்னும் ஒரு சொல்லால் ரேஷீத் என்பதன் பொருளை முழுதும் அடக்கிவிட இயலாது.

ஓர் உயிரொலி எழுப்பிய வினா

பண்டை எபிரேயம் பெரும்பாலும் மெய்யெழுத்துகளால் எழுதப்பட்டது. உயிரொலிக் குறிகளைப் பிற்காலத்தில் மசோரெத்தியர் எனப்படும் மரபறிஞர்கள் சேர்த்தனர். அவர்கள் குறித்த ஒலிப்பு 'பெரேஷீத்'. சுட்டிடைச்சொல் சேர்ந்திருப்பின் அது 'பாரேஷீத்' என ஒலித்திருக்கும். சுட்டு இன்மையாலும், ரேஷீத் பெரும்பாலான இடங்களில் மற்றொரு சொல்லைத் தழுவி 'இன்னதன் தொடக்கம்' என்றே வருவதாலும் வினா எழுந்தது: முதல் தொடரில் அது எதன் தொடக்கம்?

பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105) இதற்குத் தெளிவான விடை கூறினார். அச்சொல் பின்வரும் வினையைத் தழுவி நிற்கிறது. ஆகவே 'கடவுள் படைக்கத் தொடங்கியபோது' எனப் பொருள் கொள்ள வேண்டும் என்றார். ஓசேயா நூலின் தொடக்கத்தில் இத்தகைய அமைப்பு இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அடுத்த வசனத்திலேயே நீர் பேசப்படுகிறது. நீர் எப்போது படைக்கப்பட்டது என்பதோ கூறப்படவில்லை. ஆதலால் முதல் வசனம் படைப்பின் வரிசையை உரைக்க வந்ததன்று என்பது அவர் துணிபு.

எதிர்த்தரப்பும் வலிமையானதே. ஏசாயாவின் நூலில் இறுதியை முன்னரே அறிவிப்பதைப் பற்றிப் பேசுமிடத்தில், ரேஷீத் சுட்டுமின்றி, வேறு சொல்லையும் தழுவாமல் தனித்து நிற்கிறது. காலங்குறிக்கும் பெயர்கள் சுட்டின்றி வருவதும் எபிரேயத்திற்கு இயல்பே. ஆகவே முதல் வசனம் தன்னளவில் முடிவுற்ற வாக்கியம் என்பர் இத்தரப்பினர்.

இது வெறும் இலக்கணப் பூசல் அன்று. வசனம் முற்றுத்தொடராயின் அனைத்திற்கும் முன் இறைவன் ஒருவனே இருந்தான் என்னும் கொள்கைக்கு அது இடந்தருகிறது. சார்புத்தொடராயின், இருளும் நீரும் எங்கிருந்து வந்தன என்பது குறித்து நூல் மௌனம் காக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் கண்ட வழிகள்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உருவான கிரேக்க மொழிபெயர்ப்பு 'என் ஆர்க்கே' என்றது. யோவான் நற்செய்தி அதே சொற்களோடு தொடங்குவது தற்செயலன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் அக்குயிலா, சொல்லின் வேர் புலப்பட வேண்டும் என்று கருதித் தலை என்னும் பொருளுடைய வேரிற் பிறந்த கிரேக்கச் சொல்லை ஆண்டார். எரோணிமுசின் இலத்தீன் 'இன் பிரின்சிபியோ' என்றது. 1962இல் அமெரிக்க யூதப் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கிலத் தோரா, ராஷி காட்டிய நெறியைத் தழுவியது.

தமிழிலும் இவ்விரு நெறிகளைக் காண்கிறோம். சீர்திருத்தச் சபையினரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் மொழிபெயர்ப்பு 'ஆதியிலே' எனத் தொடங்கிச் 'சிருஷ்டித்தார்' என்னும் வினைமுற்றால் முடிகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'தொடக்கத்தில்' எனத் தொடங்கிப் 'படைத்தபொழுது' என்று அடுத்த வசனத்திற்குத் தொடர்கிறது. வடசொல், தமிழ்ச்சொல் என்னும் வேறுபாடு மட்டுமே இங்குள்ளதெனக் கருதுவோர் முதன்மையான வேறுபாட்டைத் தவறவிடுவர். முற்றா எச்சமா என்னும் நம் வகுப்பறை வினாவில் ஈராயிரம் ஆண்டுச் சிந்தனை அடங்கியுள்ளது.

ஆசிரியர்கள் இவ்விரு வசனங்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, எவ்வெச்சம் எவ்வினையைக் கொண்டு முடிகிறது என மாணவரை ஆராயச் செய்யலாம். அகராதி ஒரு சொல்லின் பொருளைத் தொகுத்துத் தரும். அச்சொல் நிற்கும் தொடரே அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும். யூத மரபினர் ஆண்டுதோறும் தோராவின் இறுதிப் பகுதியை ஓதி முடித்த அன்றே மீண்டும் பெரேஷீத் என ஓதத் தொடங்குகின்றனர். முன்னரே அறிந்த சொல்லையும் மறுபடி படித்து ஆராய வேண்டும் என்னும் அப்பழக்கம் மொழி பயிலும் நமக்கும் ஏற்றதே.