ஆர்தர் மன்னரின் வரலாற்றுத்தன்மை

ஆர்தர் மன்னரின் வரலாற்றுத்தன்மை என்பது, பிரித்தானியத் தொன்மங்களில் புகழ்பெற்ற ஆர்தர் மன்னர் உண்மையில் வாழ்ந்த ஆட்சியாளரா, கதைகளில் உருவான தலைவரா என்பது பற்றிய ஆய்வுச் சிக்கல் ஆகும். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ ஆங்கிலோ-சாக்சன்களை எதிர்த்துப் போரிட்டவராக ஆர்தர் குறிக்கப்படுகிறார். ஆனால் அக்காலத்து நூல், கல்வெட்டு, நாணயம் எதிலும் அவர் பெயர் உறுதியாகக் காணப்படவில்லை. அவர் வாழ்ந்தார் என்பதை நிறுவ இயலாது என்பதே இன்றைய வரலாற்றாய்வாளர்களுள் பெரும்பான்மையோரின் கருத்தாகும்.

பின்னணி

கி.பி. 410ஐ ஒட்டி உரோமப் பேரரசின் ஆட்சி பிரித்தானியாவில் முடிவுற்றது. அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு அந்நாட்டைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் மிக அரிது. ஆகவே, இக்காலத்தைச் சேர்ந்த ஒருவருக்குச் சான்று கிடைக்கவில்லை என்பது மட்டுமே அவர் வாழவில்லை என்பதற்குச் சான்றாகாது. அதே வேளை, சான்றுகள் அரிது என்பதனால் பிற்காலக் கதைகளை வரலாறாக ஏற்கவும் இயலாது. ஆய்வாளர்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டின் அடிப்படை இதுவே.

எழுத்துச் சான்றுகள்

* கில்டாசு (6ஆம் நூற்றாண்டு): பிரித்தானியாவின் அழிவு பற்றி இலத்தீனில் எழுதிய துறவி. பாடன் மலைப்போரில் பிரித்தானியர் பெற்ற வெற்றியைக் குறிப்பிடுகிறார். ஆம்புரோசியசு அவுரேலியானசு என்ற தலைவரைப் பெயர் சுட்டிப் புகழ்கிறார், ஆர்தரைக் குறிப்பிடவில்லை. எனினும், கில்டாசு பொதுவாகவே மிகச் சிலரை மட்டுமே பெயர் சுட்டுபவர் என்பதும் கருதத்தக்கது.
* பீடு (731): இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றை எழுதியவர். இவரும் பாடன் போரைக் கூறி, ஆர்தரைக் கூறவில்லை.
* பிரித்தானியர் வரலாறு (ஏறத்தாழ 829-830): நென்னியசு எழுதியதாக வழங்கும் நூல். ஆர்தரைப் பற்றி விரிவாகக் கூறும் முதல் நூல் இதுவே. இது அவரை மன்னர் என்னாமல், பிரித்தானிய மன்னர்களுடன் சேர்ந்து போரிட்ட போர்த்தலைவர் என்றே குறிக்கிறது. அவர் வென்ற 12 போர்களைப் பட்டியலிட்டு, பாடன் போரில் ஒரே தாக்குதலில் 960 பேரை அவர் தனியே வீழ்த்தினார் என்கிறது.
* வேல்ஸ் ஆண்டுக்குறிப்புகள் (10ஆம் நூற்றாண்டு): ஆர்தரும் மெட்ராட்டும் காம்லான் போரில் வீழ்ந்ததாகக் கூறுகிறது. இப்போர் பொதுவாக 537ஆம் ஆண்டிற்குரியதாகக் கணிக்கப்படுகிறது.

இந்நூல்களுள் ஆர்தரின் பெயரைத் தருபவை, அவர் வாழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளோ அதற்கும் மேலோ கழிந்த பின் எழுந்தவை ஆகும். 'கொடோதின்' என்னும் பழைய வேல்ஸ் மொழிச் செய்யுள் ஒரு வீரனை ஆர்தரோடு ஒப்பிடுகிறது. ஆனால் அதன் கையெழுத்துப்படி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குறித்த அடி எக்காலத்தது என்பதில் உடன்பாடு இல்லை.

தொன்மத்தின் வளர்ச்சி

மான்மத் ஜெஃப்ரி ஏறத்தாழ 1136-1138இல் எழுதிய பிரித்தானிய மன்னர்கள் வரலாறு, ஆர்தரை ஐரோப்பாவை வென்ற பேரரசராகச் சித்தரித்தது. அதே நூற்றாண்டிலேயே நியூபர்க் வில்லியம் என்னும் வரலாற்றாசிரியர் அந்நூல் கற்பனை என்று கண்டித்தார். வட்ட மேசை 1155இல் வேசு எழுதிய நூலிலும், கேமலாட் நகரம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரெத்தியான் தெ துருவா இயற்றிய காதைகளிலும் முதலில் தோன்றுகின்றன. எனவே பலரும் அறிந்த இக்கூறுகள் வரலாற்று ஆய்வுக்கு உதவுவன அல்ல.

பொருட்சான்றுகள்

* கிளாஸ்டன்பரி: 1184இல் தீயால் அழிந்த மடத்தின் துறவிகள், 1191இல் ஆர்தரின் கல்லறையைக் கண்டதாக அறிவித்தனர். மீள்கட்டுமானத்திற்கு நிதியும் பயணிகளும் தேவைப்பட்ட காலம் அது. 1278இல் முதலாம் எட்வர்டு முன்னிலையில் எலும்புகள் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. வேல்ஸ் மக்கள் ஆர்தர் திரும்பி வருவார் என நம்பிய நிலையில், அவரது கல்லறையைக் காட்டுவது ஆங்கிலேய மன்னருக்குப் பயன்பட்டது.
* வின்செஸ்டர் வட்ட மேசை: மரவளைய ஆய்வின்படி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.
* கேட்பரி மலைக்கோட்டை: 1966-1970 அகழாய்வில், 5-6ஆம் நூற்றாண்டுகளில் ஆற்றல்மிக்க ஒரு தலைவர் இதனை மீண்டும் அரண் செய்தமை தெரிந்தது. அவர் பெயர் தெரியவில்லை.
* டின்டேஜல்: 1998இல் கிடைத்த 6ஆம் நூற்றாண்டுக் கற்பலகையில் 'ஆர்டோக்னூ' என்ற பெயர் உள்ளது. இது ஆர்தரின் பெயரன்று.

ஒப்பிடப்படுவோர்

ஆம்புரோசியசு அவுரேலியானசு, உரோமப் படை அதிகாரி லூசியசு ஆர்டோரியசு காஸ்டசு, 470ஐ ஒட்டிக் கவுல் நாட்டில் போரிட்ட ரியோதாமசு, தால் ரியாட்டா மன்னரின் மகன் ஆர்தூர் ஆகியோர் ஆர்தரின் மூலவராக முன்மொழியப்பட்டுள்ளனர். இவர்களுள் எவரும் காலம், இடம், பெயர், செயல் ஆகிய நான்கிலும் பொருந்தவில்லை.

ஆய்வாளர் கருத்துகள்

லெஸ்லி ஆல்காக் (1971), ஜான் மாரிஸ் (1973) ஆகியோர் ஆர்தரை வரலாற்று மாந்தராக ஏற்று நூல்கள் எழுதினர். 1977இல் டேவிட் டம்வில், பிற்கால நூல்களை 5-6ஆம் நூற்றாண்டுகளுக்குச் சான்றாகக் கொள்வதை மறுத்து எழுதிய கட்டுரை ஆய்வின் போக்கை மாற்றியது. ஆலிவர் படெல் (1994), ஆர்தர் முதலில் நாட்டார் கதைத்தலைவராக இருந்து பின்னர் வரலாற்றுக்குள் கொண்டுவரப்பட்டவர் என வாதிட்டார். நிக்கலஸ் ஹையம் (2018) ஆர்தர் வரலாற்று மாந்தர் என்ற கருத்தை நிராகரிக்கிறார். பாடன் போரை நடத்திய தலைவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவர் பெயர் ஆர்தர் என்பதற்கே சமகாலச் சான்று இல்லை.