தறியை விட்டுப் பிரித்தால் அது வீடா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு எங்கள் சத்தத்தைக் கேட்க வந்திருக்கும் அம்மையார்குப்பத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

வீடு எட்டாக் கனியானதற்கு மக்கள் பெருக்கமே காரணம் என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். ஐயா, ஒரு காலத்துல வீட்டுக்கு எட்டுப் பிள்ளைங்க. இப்ப ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. பிள்ளை குறைஞ்சுது, வாடகை குறைஞ்சுதா? பத்து மாசம் சுமக்கிறது தாய் மட்டும்தான்னு நினைச்சேன். சென்னையில வீடு தேடினப்பதான் தெரிஞ்சுது, பத்து மாச அட்வான்ஸை அப்பனும் சுமக்கணும்! (கைதட்டல்)

காரணம் தலைக்கணக்கு அல்ல நடுவர் அவர்களே, நிலக்கணக்கு. வரலாற்றைப் பாருங்கள். 1961-இல் தமிழ்நாட்டில் வீட்டு வசதி வாரியம் வந்தது. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகரெல்லாம் எப்படி எழுந்தன? அரசு முதலில் நிலத்தை எடுத்தது, சாலை போட்டது, பிறகு மனையும் வீடும் கொடுத்தது. குமாஸ்தாவும் மாதத் தவணையில் வீட்டுக்காரர் ஆனார். இன்னைக்கு அவர் பேரனால அதே தெருவுல ஒரு சென்ட் வாங்க முடியுமா?

ஏன்? ரயில் வருது, பாலம் வருதுன்னு காத்துல சேதி வந்தாலே, அரசுக்கு முன்னாடி தரகர் போய்க் கல் நட்டுடறார். சாலை போடுறது நம்ம வரிப்பணம். விலை ஏறின லாபம் மட்டும் அவருக்கு!

1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. தொடக்கத்தில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. ஆனால் 2000-இல் உருவான கண்ணகி நகரில் என்ன நடந்தது? நகரத்தின் நடுவில் பிழைத்தவர்களைத் துரைப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். வீட்டு வேலை பார்த்த தாய்மாருக்கு வீடு கிடைச்சுது, வேலை போச்சு. இதை நெசவாளிக்கு நான் விளக்கணுமா? உங்க தறியை இங்கேயே விட்டுட்டு, முப்பது மைல் தள்ளி மாடி வீடு தர்றேன்னா போவீங்களா? (“மாட்டோம்” என்று குரல்கள்)

சிங்கப்பூரைப் பாருங்கள். நம்ம திருவள்ளூர் மாவட்டத்தை விடச் சின்ன நாடு. 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைத்தார்கள். 1966-இல் நிலம் எடுக்கச் சட்டம் செய்தார்கள். வீட்டோடு சந்தை, பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் சேர்த்தே கட்டினார்கள். இன்று ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அந்த வீடுகளில்தான் வாழ்கிறார்கள்.

இப்போது நம் முறை. 2022-இல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அறிவித்தார்கள். நகரம் நம்ம பக்கம் வருது! விலை ஏறுவதற்கு முன்பே, உரியவருக்கு நியாயமான விலை கொடுத்து, ரயில் நிலையங்களைச் சுற்றி அரசு நிலம் எடுக்கட்டும். உழைப்பவனுக்கு வாடகை வீடு கட்டட்டும். வேலைக்கு எட்டின தூரத்தில் கட்டட்டும்.

திருத்தணி முருகனைக் கூட 365 படி ஏறினாப் பார்த்துடலாம். ஏழைக்கு வீடு மட்டும் ஏன் ஐயா ஏற ஏறத் தள்ளிப் போகணும்? திட்டமிடாததே காரணம் என்று தீர்ப்பளியுங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)