எழுத்துப் பிறக்கும் இடமும் பேச்சுத் தடைப்படும் இடமும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் கடற்கரை ஊர்களின் குர்ஆன் பள்ளிகளிலே, அரபெழுத்தைக் கற்கும் சிறுவர் அவ்வெழுத்துப் பிறக்கும் இடத்தையும் உடன் கற்கின்றனர். மக்ரஜ் எனப்படும் அவ்விடங்களை, 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண அறிஞர் சீபவைஹி 16 ஆக வகுத்தார். அச்சிறுவரின் தாய்மொழியாகிய தமிழுக்கும் இத்தகைய மரபொன்று உண்டு. உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் எழுத்தாகின்றது எனத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகின்றது.

ஆயினும், எழுத்துப் பிறக்கும் இடத்தை அறிவது வேறு. பேச்சுத் தடைப்படும் காரணத்தை அறிவது வேறு. பாரிசவாதத்தால் வீழ்ந்த தந்தைக்கு எதிரே நிற்கும் மகனைத் தெரிகின்றது; அவன் பெயர் மட்டும் வாயில் வருவதில்லை. 1861இல் பாரிஸ் நகர வைத்தியர் போல் புரோக்கா, பெரும்பாலும் “டான்” என்னும் ஓரசையையே சொல்லிவந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையிலே சிதைவைக் கண்டார். நாவுக்கும் இதழுக்கும் அப்பால் பேச்சுக்கு வேறோர் இருப்பிடம் உண்டென்பது அதனால் துலங்கிற்று.

இவ்வறிவு தனிக்கல்வியாக வளரப் பல்லாண்டுகள் சென்றன. 1925இல் அமெரிக்காவிலே பேச்சுத் திருத்தத்துக்கெனக் கழகமொன்று தோன்றியது. 1965இல் மைசூரிலே அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் உருவாகி, அடுத்த ஆண்டே முதுநிலைப் படிப்பைத் தொடங்கிற்று. இலங்கையிலே களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் 1997இல் டிப்ளோமாவையும் 2008இல் பட்டப்படிப்பையும் ஆரம்பித்தது. உடற்கூறு, நரம்பியல், மொழியியல், உளவியல் ஆகியன யாவும் இக்கல்வியில் ஒருங்கே பயிலப்படுகின்றன.

கற்பது ஆங்கிலத்தில், குணப்படுத்துவதோ வீட்டுமொழியில். கல்முனைக் குழந்தையொன்று தன் அண்ணனைச் சுட்டிக் “காக்கா” என்கின்றது. முஸ்லிம் வீடுகளிலே மூத்த சகோதரன் காக்கா. மூத்த சகோதரி ராத்தா. இதை அறியாத சிகிச்சையாளர், குழந்தை மனிதனையும் பறவையையும் பிரித்தறியவில்லையெனக் குறித்துக்கொள்ளக்கூடும். பழுதற்ற பிள்ளைக்குப் பழுது கற்பிக்கப்படும். உண்மையான பழுது ஒருவேளை கவனியாது விடப்படும். வழக்கு வேறு, வழு வேறு என்று பகுத்துணர்வதே இக்கல்வியின் முதற்கடமையாகும்.

தமிழ் பேசும் சிகிச்சையாளர் இலங்கையில் மிகச் சிலரே. ஆகவே, இக்கரையிலிருந்து ராகமைக்கோ மைசூருக்கோ இத்துறை பயிலச் செல்லும் மாணவி, எந்தப் பாடநூலும் தராத ஒன்றைத் தன்னுடன் கொண்டுசெல்கிறாள். அவள் கற்றுத் திரும்பும் நாளில், பேச்சிழந்த ஒரு வாப்பா தம் மகளை மீண்டும் பெயர் சொல்லி அழைக்க வழி பிறக்கலாம்.