மறைத்த பெயர், அறிவித்த முகவரி: ஏ.ஏ. கூட்டங்களுக்கு வழி தெரிந்த வரலாறு (1935–2020)

குடியை விட நினைப்பவருக்கு முதலில் வேண்டியது ஒரு முகவரி: எந்தத் தெரு, எந்தக் கிழமை, எத்தனை மணி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) உறுப்பினர் பெயரை வெளியிடாத அமைப்பு. அப்படிப்பட்ட ஒன்று, தன்னைத் தேடி வருபவரின் கண்ணில் எப்படிப் பட்டது? ஆளை மறைப்பது வேறு, இடத்தை அறிவிப்பது வேறு என்ற தெளிவு அதற்குத் தொடக்கத்திலேயே இருக்கவில்லை. நடைமுறை நெருக்கடிகள்தாம் அதைக் கற்றுக்கொடுத்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் தேடல் எதிர்த்திசையில் நடந்தது. 1935 மே மாதம், நியூயார்க் பங்குச்சந்தை வட்டாரத்தைச் சேர்ந்த பில் வில்சன் தொழில் காரியமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்திருந்தார். அவர் குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்தது. வந்த காரியம் கைகூடவில்லை. மேஃப்ளவர் ஹோட்டலின் முகப்புக் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். அவர் பட்டியலின் பக்கம் போனார். வால்டர் டங்க்ஸ் என்ற பாதிரியார் தந்த பெயர்களின் வழியே ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியை எட்டினார். மறுநாள், மே 12 அன்று, அவருடைய வீட்டில் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வந்த ஸ்மித், இரவு பதினொரு மணிக்கு மேல்தான் எழுந்தார். அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐயே ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

வில்சன் அந்தத் தொலைபேசியில் தேடியது தான் உதவக்கூடிய இன்னொரு குடிநோயாளியை. தான் குடிக்காமலிருக்க அதுவே வழி என்று நம்பினார். பின்னால் வந்த எல்லா ஏற்பாடுகளிலும் இந்தத் தேவை உள்ளோட்டமாக இருக்கிறது. வருபவருக்கு வழி காட்டுபவரும் அந்தச் சந்திப்பால் பிழைக்கிறார்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் கூட்டத்தை யாரும் தாமாகக் கண்டுபிடித்துப் போகவில்லை, அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆக்ரனில் புதியவரைப் பெரும்பாலும் முதலில் மருத்துவமனையில் சேர்ப்பார்கள், குடியை விட்டவர்கள் கட்டிலருகே வந்து பேசுவார்கள், அதன்பிறகே டி. ஹென்றி வில்லியம்ஸ் வீட்டில் நடக்கும் புதன்கிழமைக் கூட்டம். அது ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறித்துவ இயக்கத்தின் நிழலில் நடந்ததால், கத்தோலிக்கர்களுக்குச் சங்கடம் இருந்தது. அந்தச் சங்கடம் முற்றி, 1939 மே மாதத்தில் கிளாரன்ஸ் ஸ்னைடர் கிளீவ்லாந்தில் தனிக் கூட்டம் தொடங்கினார். ஏ.ஏ. என்ற பெயரிலேயே நடந்த முதல் கூட்டம் அதுதான். பெயர், அதற்கு முந்தைய மாதம் இவர்கள் வெளியிட்ட அதே பெயருள்ள நூலிலிருந்து வந்தது.

திருப்பம் அந்த நகரில்தான். அவ்வாண்டு அக்டோபரில் ‘பிளெய்ன் டீலர்’ நாளிதழில் எல்ரிக் டேவிஸ் தொடர் எழுதினார். உதவி கேட்டு வந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். கைகொடுக்க இருந்தவர்களோ சிலரே. குடியை விட்டுச் சில வாரங்களே ஆனவர்கள், நேற்று வந்தவருக்குத் துணையாக அனுப்பப்பட்டார்கள். புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ‘ஸ்பான்சர்’ என்ற வழக்கம் இங்கேதான் வேரூன்றியது. 1941 மார்ச் 1 தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஜாக் அலெக்சாண்டரின் கட்டுரை வந்தபோது உறுப்பினர்கள் ஏறத்தாழ 2,000. ஆண்டு முடிவில் 8,000. நியூயார்க் அலுவலகத்தில் கடிதங்கள் குவிந்தன. செயலர் ரூத் ஹாக் உள்ளிட்டோர் அவற்றுக்குப் பதில் எழுதி, அருகிலுள்ள உறுப்பினரோடு இணைத்துவிட்டார்கள். பெருநகரங்களில் மைய அலுவலகங்களும் பொதுத் தொலைபேசி எண்ணும் வந்தன.

இந்த அனுபவம் 1946-இல் எழுத்தாகி, 1950-இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட ‘பன்னிரண்டு மரபுகளில்’ படிந்திருக்கிறது. பதினோராவது மரபு, பத்திரிகையிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் உறுப்பினரின் அடையாளம் வெளிவருவதைத்தான் தடுக்கிறது; கூட்டம் நடக்கும் இடத்தைச் சொல்லத் தடையில்லை. மூன்றாவது மரபு, குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதும் என்கிறது. ஆனால் முகவரி தெரிந்தவருக்கெல்லாம் கதவு திறக்கவில்லை. நிறப்பாகுபாடு நிலவிய வாஷிங்டனில் 1945-இல் கறுப்பின உறுப்பினர்கள் தமக்கெனத் தனிக் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்றைப் பெருமையாக மட்டும் எழுதிவிட முடியாது.

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957-இல் வந்தது. தமிழகத்தில் உதவி தேடுபவருக்குச் சிகிச்சை மையமும் வழிகாட்டியாயிற்று. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. நம் ஊரில் மனைவியோ தாயோதான் பல நேரம் முதலில் விசாரிக்க வருகிறார்கள் என்பதால், இதை நான் சிறிய மாற்றமாகக் கருதவில்லை.

இணையம் வந்தபின் அச்சிட்ட பட்டியல் கைப்பேசிக்குள் போனது. 2020-இல் கொரோனா பரவித் தேவாலயக் கூடங்கள் மூடப்பட்டதும், கூட்டங்கள் ஜூம் செயலிக்கு மாறின; இணைப்புகள் வெளிப்படையாகப் பகிரப்பட்டன. சில வாரங்களிலேயே வெளியாட்கள் உள்ளே புகுந்து ஏசவும், குடிப்பதைக் காட்டிச் சீண்டவும் செய்தார்கள். திரையில் முகமும் பெயரும் தெரிவதால், இடத்தை அறிவிப்பதே ஆளைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிட்டது. பல குழுக்கள் கடவுச்சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வர விரும்புபவர் தங்களில் ஒருவரைத் தொடர்புகொண்டு கேட்டுப் பெறும்படி மாற்றிக்கொண்டன.