குச்சவெளிப் பாறையின் 16 கட்டங்கள்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில், ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது குச்சவெளி. அங்குள்ள கடலோரப் பாறையில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று உண்டு. செனரத் பரணவிதான அதனை 'எபிகிராபியா செய்லனிக்கா'வின் 3ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கல்வெட்டின் வாசகத்தைவிட என்னைக் கவர்ந்தது, அதனருகே செதுக்கப்பட்டுள்ள சதுரமே. அது 16 சிறு சதுரங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தூபி புடைப்புருவமாக நிற்கிறது. (அப்பாறை எவருக்குரியது என்னும் இன்றைய சர்ச்சை இக்கட்டுரைக்கு வெளியே நிற்கட்டும்.)

பத்திரிகைப் பக்கம் அமைத்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு பக்க வடிவமைப்பாகவே தோன்றும். முதலில் வெளியைக் கட்டங்களாகப் பகுக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கட்டத்துள்ளும் பொருளை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்க வேண்டும். சிற்பிக்கு இரண்டாவது வேலை எளிது, பதினாறும் தூபிகளே. எங்களுக்கு அவ்வாறு வாய்ப்பதில்லை. ஒரு தலைப்பு நீண்டுவிட்டால் அதனை இரு பத்திகளுக்கு விரிப்போம். இயலாதபோது ஒரு சொல்லை வெட்டுவோம். எதுவாயினும், பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் முடிவெடுப்பார்.

இணையத்தில் அந்த ஒருவர் இல்லை. வாசகரின் திரை எத்தனை அகலம் என்பதை வடிவமைப்பாளர் அறியார். 1990களில், எண்களை வரிசைப்படுத்துவதற்கென உருவான அட்டவணைகளையே, கோடுகளை மறைத்து, பக்கச் சட்டகமாகப் பயன்படுத்தினர். 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் தரநிலை வெளிவந்தது. அது எழுத்துரு, நிறம், இடைவெளி ஆகியவற்றுக்கு விதி தந்தது. முழுப் பக்கத்தையும் கட்டங்களாகப் பகுக்கும் விதி அதில் இல்லை. அதற்கு மேலும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2017 மார்ச்சில் குரோம், பயர்பாக்ஸ், சபாரி ஆகிய மூன்று உலாவிகளும் 'சி.எஸ்.எஸ். கிரிட்' முறையை ஏற்றன. அதன்படி, கட்டத்தின் அகலத்தை மாறா அளவாகவும் குறிக்கலாம், உள்ளிருக்கும் சொல்லுக்கேற்ப விரியுமாறும் விடலாம். அக்கட்டத்துள் பொருள் நடுவில் நிற்பதா, ஓரத்தில் நிற்பதா என்பது தனிக் கட்டளை.

தமிழுக்கு இந்தத் தெரிவு சிறிய விடயமன்று. பத்து எழுத்துகளுக்கு உட்பட்ட ஆங்கிலச் சொற்றொடர் மொழிபெயர்ப்பில் இரண்டு, மூன்று மடங்காக நீளக்கூடும் என்று ஐ.பி.எம். நிறுவனத்தின் வழிகாட்டி எச்சரிக்கிறது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகள் கொண்ட 'சேவ்' தமிழில் 'சேமிக்கவும்' ஆகிறது. 'சப்மிட்' 'சமர்ப்பிக்கவும்' ஆகிறது. உயரத்திலும் சிக்கல் உண்டு. 'கீ', 'கூ' போன்றவற்றின் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் ஆங்கிலத்துக்கென அளந்த வரியில் நறுக்கப்படுகின்றன.

கருவி வந்துவிட்டது, அளவுகோல் மட்டும் ஆங்கிலமாகவே இருக்கிறது. அண்மையில் ஒரு முதியவருக்காக இணையப் படிவமொன்றைக் கைப்பேசியில் நிரப்பினேன். பக்கத்தின் அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று படிவத்தை அனுப்புவது, மற்றது அழிப்பது. இரண்டிலும் சொல் பாதியில் நின்றது. ஆங்கிலப் பக்கத்துக்கு மாற்றிப் பார்த்த பின்னரே எதை அழுத்துவதென்று தெரிந்தது. அந்த முதியவருக்கு ஆங்கிலம் தெரியாது.