தரகர் யாருடைய ஆள்?

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்று விலை பேசி முடிப்பவர் தரகர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியே விரல் பிடித்து விலை பேசியவரும் அவரே. இன்று அடுக்குமாடி வீட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகக் காட்டுகின்றவரும் அவரே. காலம் மாறியது; பெயரும் முகவர் என்று மாறியது. ஆனால், ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. அவர் யாருடைய ஆள்? சிங்கப்பூரில் இதற்குச் சட்டம் தெளிவாக விடை சொல்லப் பல்லாண்டுகள் ஆயின.

1960ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1964இல் மக்கள் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1968இல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்க வழி திறந்தது. 1971இல், மூன்றாண்டுகள் குடியிருந்தவர் தம் வீட்டைத் திறந்த சந்தையில் விற்கலாம் என்ற அனுமதியும் கிடைத்தது. வாடகைக்கு இருந்த தொழிலாளி வீட்டுக்காரரானார், வீட்டுக்காரர் விற்பவருமானார். செல்வர் சிலருக்கே தேவைப்பட்ட வீட்டுத் தரகு, இவ்வாறு சாதாரணக் குடும்பங்களின் தேவையும் ஆயிற்று.

சந்தை வளர்ந்த வேகத்திற்குச் சட்டம் வளரவில்லை. காலனி ஆட்சிக் காலத்துச் சட்டம் ஒன்றே நெடுநாள் இத்தொழிலுக்கு உரிமம் வழங்கி வந்தது. அவ்வுரிமமும் நிறுவனத்திற்கே உரியது. வாசலுக்கு வந்து பேசுகின்ற விற்பனையாளர் ஒவ்வொருவரும் அரசிடம் பதிவு பெற வேண்டும் என்ற விதி இல்லை. அண்டை நாடான மலேசியாவோ, 1981ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றி, பதிவு பெறாதோர் முகவராகத் தொழில் செய்வதைத் தடுத்தது.

இக்குறையின் விளைவை 2009இல் சிங்கப்பூர் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்று காட்டிற்று. கணவனும் மனைவியுமாக இருவர் தம் அடுக்குமாடி வீட்டை முகவர் வழியே 688,000 வெள்ளிக்கு விற்றனர். வாங்கியவர் அம்முகவருடைய மேலாளரின் மனைவி! அவ்வீடு விரைவில் 945,000 வெள்ளிக்குக் கைமாறியது. உண்மை வெளிப்பட்டதும் தம்பதியர் வழக்குத் தொடுத்தனர். இடைப்பட்ட 257,000 வெள்ளியை முகவர் நிறுவனம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தம்மை நம்பியவருக்குத் தெரியாமல் முகவர் ஆதாயம் தேடலாகாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய நெறியே. ஆயினும், அந்நெறியை நிலைநாட்ட ஏமாந்தவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அதற்குப் பணமும் துணிவும் இல்லாத குடும்பம் என்ன செய்யும்?

2010ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சொத்து முகவர் சட்டம் இதற்கு விடையளித்தது. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் சொத்து முகவர் மன்றம் அமைந்தது. நிறுவனம் உரிமம் பெற வேண்டும். விற்பனையாளர் ஒவ்வொருவரும் தம் பெயரில் பதிவு பெற வேண்டும் என்றாயிற்று. ஒரே பேரத்தில் இருதரப்புக்கும் முகவராக இருப்பது தடுக்கப்பட்டது. வீட்டு விற்பனைப் பணத்தை முகவர் தம் கையில் வாங்கலாகாது என்ற விதியும் வந்தது.

இவ்விதிகளை அறிந்தவருக்கே அவை பயன் தரும். நல்ல முகவரைத் தேடுவோர் முதலில் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அவருடைய பெயரையும் பதிவு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தரகுத் தொகை சட்டம் விதித்த கட்டணம் அன்று. பேசி முடிவு செய்யத்தக்கது. ஆகவே, அதனைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெறுதல் நலம். தனி உரிமை கொடுத்து ஒருவரையே அமர்த்துவதாயின், அதன் கால அளவையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையைத் தாமே விசாரித்து அறிந்தவரை எவரும் குறைந்த விலையில் மயக்க இயலாது. வாங்க வருபவருக்கும் முகவருக்கும் உறவு உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. நேர்மையான முகவர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

உறவினர் சொன்னார், நம்மவர் என்று நம்பினோம் என்பது பழைய காலத்து அளவுகோல். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு நான்கு சுவர்களாக நிற்கும்போது, அந்த அளவுகோல் மட்டும் போதாது. தரகர் யாருடைய ஆள் என்ற கேள்வியைக் கையொப்பமிடுமுன் கேட்பதே அறிவுடைமை.